வெள்ளிக் கூழ்மம் செய்ய வடிநீர் போதுமான அளவு தூயதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூழ்மம் என்றால், நீரில் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும் மிக நுண்ணிய துகள்கள். அதை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக நான் வெள்ளிக் கூழ்மம் செய்கிறேன். இரண்டு வெள்ளிக் கம்பிகள், ஒரு கண்ணாடிக் குவளை, மூன்று 9 வோல்ட் பேட்டரிகள், வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்). தேவை இவ்வளவுதான். முதன்முறை செய்தபோது நான் எதிர்பார்த்த பொன்மஞ்சள் நிறம் வரவேயில்லை. கம்பியிலிருந்து வெண்புகை போல ஏதோ இழையிழையாக இறங்கி, குவளை முழுவதும் கலங்கிவிட்டது. கம்பியைச் சந்தேகித்தேன், பேட்டரிகளை மாற்றினேன், இரண்டு நாள் வீணாயிற்று. கோளாறு நீரில் இருந்தது. அன்றிலிருந்து நீரைச் சோதிக்காமல் கம்பியை இறக்குவதில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

நீர் மிகத் தூயதாக இருந்தால், செய்த வெள்ளிக் கூழ்மத்தைக் குடிக்கலாமா?

கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீர்ச் சோதனையைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப் பேரின் மனத்தில் இந்தக் கேள்விதான் இருக்கிறது. நீர் எவ்வளவு தூயதானாலும் அதில் கரைந்திருப்பது வெள்ளிதான். உடலுக்கு வெள்ளியால் ஆகவேண்டிய வேலை எதுவும் இல்லை. உள்ளே போனதில் ஒரு பகுதி தோலிலும் உறுப்புகளிலும் தங்குகிறது. தோலில் தங்கியது ஒளி பட்டுக் கறுக்கிறது. பழைய புகைப்படத் தகடு கறுத்ததும் இதே வேதியியலால்தான். தோல் நீலச் சாம்பல் நிறமாகும் இந்த நிலைக்கு ஆர்ஜீரியா என்று பெயர். வந்த நிறம் தானாகப் போவதில்லை. அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் 2002இல் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ், 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் முடங்கி மருந்துத் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சி, வீட்டிலேயே வெள்ளிக் கூழ்மம் செய்து குடித்துவந்தார். அவருடைய தோலின் நிறம் மாறிப்போனது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் கொண்டுவந்த விதி, மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் கூழ்ம வெள்ளி மருந்துகள் எவையும் பாதுகாப்பானவை என்றோ பயன் தருபவை என்றோ ஏற்கப்பட்டவை அல்ல என்று கூறுகிறது. தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின் மருந்தும், டெட்ராசைக்ளின், குயினலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும் உடலில் சேர்வதையும் வெள்ளி குறைக்கக்கூடும். தீப்புண்ணுக்கு மருத்துவர்கள் வெள்ளி சேர்ந்த களிம்பு தருவது உண்மை. ஆனால் அது அளவறிந்து, நுண்ணுயிர் நீக்கி, மேற்பூச்சாக மட்டும் தரப்படுவது. வீட்டுக் குவளையில் செய்ததைக் குடிக்கவும் வேண்டாம், கண்ணிலோ மூக்கிலோ விடவும் வேண்டாம், ஆவியாக்கி இழுக்கவும் வேண்டாம். இங்கே நான் எழுதுவது எல்லாம், கண்ணாடிக் குவளையில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு பொருளைப் பற்றித்தான்.

சாதாரணக் குடிநீரில் செய்தால் என்ன ஆகும்?

எனக்கு நேர்ந்ததுதான் ஆகும். நேர்மின்முனையில் வெள்ளி அணு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாக நீருக்குள் இறங்குகிறது. அங்கே குளோரைடு இருந்தால், இரண்டும் உடனே சேர்ந்து வெள்ளிக் குளோரைடு ஆகிவிடும். அது ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் மட்டுமே கரையும். மீதி வெண்படிவாக வெளியேறும். எடைக்கணக்கில் 1 மில்லிகிராம் குளோரைடு ஏறக்குறைய 3 மில்லிகிராம் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். குடிநீரில் லிட்டருக்குப் பத்து இருபது மில்லிகிராம் குளோரைடு இருப்பது வெகு சாதாரணம். அப்படியானால் இறங்குகிற வெள்ளிக்குத் தப்ப வழியே இல்லை. அந்தக் குவளையை வெயிலில் வைத்தால் வெண்மை மெல்ல ஊதாச் சாம்பலாக மாறும்.

குளோரைடு இல்லாவிட்டாலும் மற்ற உப்புகள் தொல்லை தரும். கூழ்மத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பது, அவற்றின் மேற்பரப்பில் உள்ள மின்னேற்றம் ஒன்றையொன்று விலக்குவதால்தான். உப்பு கூடக் கூட அந்த விலக்கு விசை எட்டும் தொலைவு சுருங்குகிறது, துகள்கள் திரள்கின்றன. மைக்கேல் ஃபாரடே தங்கக் கூழ்மத்தை ஆராய்ந்து 1857இல் வெளியிட்டபோதே, சிறிதளவு உப்பு சேர்ந்ததும் மாணிக்கச் சிவப்பு நீலமாக மாறுவதைக் குறித்திருந்தார்.

மின்கடத்து மீட்டர் எத்தனை என்று காட்டினால் நீர் தூயது?

நீரில் கரைந்த உப்பு கூடக் கூட அது மின்சாரத்தைக் கடத்துவதும் கூடும்; அதனால் மின்கடத்தலை அளந்தே தூய்மையை மதிப்பிடுகிறோம். முற்றிலும் தூய நீரும் சற்று மின்சாரத்தைக் கடத்தும். 25 டிகிரி செல்சியஸில் அதன் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ். காற்றுப் படாத சோதனைக்கூடக் கருவியில்தான் இதைப் பார்க்க முடியும். சோதனைக்கூட நீருக்கான ஐஎஸ்ஓ 3696 தரநிலையில் முதல் தரத்துக்கு 0.1, இரண்டாம் தரத்துக்கு 1, மூன்றாம் தரத்துக்கு 5 மைக்ரோசீமன்ஸ் உச்ச வரம்பு. நான் வைத்திருக்கும் வரம்பு 2. அதற்கு மேல் காட்டும் நீரைக் குவளை கழுவ மட்டும் பயன்படுத்துகிறேன்.

என் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டுகிறது. அது போதாதா?

பெரும்பாலும் நல்ல அறிகுறி. ஆனால் அந்த 0 என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டிடிஎஸ் என்றால் நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு. ஆனால் டிடிஎஸ் மீட்டர் கரைந்த பொருள்களை எடைபோடுவதில்லை. அதன் இரண்டு முனைகளுக்கிடையே மின்கடத்தலை அளந்து, அதை 0.5 அல்லது 0.7 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி, பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு; நீரில் ஏறத்தாழ லிட்டருக்கு 1 மில்லிகிராம்) என்று திரையில் போடுகிறது. கைக்கு அடக்கமான மீட்டர்கள் முழு எண்களாக மட்டுமே காட்டும். ஆகவே 0 என்றால் 'ஒன்றை எட்டவில்லை' என்றுதான் பொருள். 0.1 மைக்ரோசீமன்ஸ் நீருக்கும் 0, 0.9 மைக்ரோசீமன்ஸ் நீருக்கும் 0.

மின்கலம் தளர்ந்த மீட்டரும், முனைகளில் காற்றுக்குமிழ் ஒட்டிய மீட்டரும், ஆழம் போதாமல் நனைத்த மீட்டரும் 0 காட்டக்கூடும். அதனால் வடிநீரில் 0 வந்ததும் குடிநீரில் ஒருமுறை நனைத்துப் பாருங்கள். எண் சட்டென்று ஏறினால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது. மீண்டும் வடிநீரில் வைக்கும் முன் முனைகளை வடிநீராலேயே இரண்டு மூன்று முறை அலசுங்கள். பலர் பார்க்கும் 2, 3 எல்லாம் முனையில் ஒட்டி வந்த குடிநீர்தான்.

வாங்கும்போதே மைக்ரோசீமன்ஸில், தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கமாவது காட்டும் மின்கடத்து மீட்டரை வாங்குவது மேல். இந்த வேலைக்கு முக்கியமான வித்தியாசங்கள் எல்லாம் 0க்கும் 2க்கும் இடையில்தான் இருக்கின்றன.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

கடையில் கிடைக்கும் அளவீட்டுக் கரைசல்கள் பெரும்பாலும் 342 பிபிஎம், 1413 மைக்ரோசீமன்ஸ் என்று உயரத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது அடிமட்டம். அதனால் உப்பைக் கொண்டு நானே படியிறக்கிப் பார்க்கிறேன். 1 கிராம் உலர்ந்த உப்பை வடிநீரில் கரைத்து 1 லிட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம். அதில் 100 மில்லிலிட்டர் எடுத்து, வடிநீர் சேர்த்து மறுபடி 1 லிட்டர் ஆக்கினால் 100. இன்னொருமுறை அப்படியே செய்தால் 10.

100 கரைசலின் மின்கடத்துத்திறன் சுமார் 210 மைக்ரோசீமன்ஸ். மீட்டர் 105ஐ ஒட்டிக் காட்டினால் அதன் பெருக்கெண் 0.5, 145ஐ ஒட்டிக் காட்டினால் 0.7. கையேட்டில் எழுதாத விவரம்கூட இதில் வெளிப்பட்டுவிடும். 10 கரைசலில், பெருக்கெண் 0.5 உள்ள மீட்டர் 10, 11 என்றும், 0.7 உள்ள மீட்டர் 14, 15 என்றும் காட்டினால் அடிமட்டத்திலும் அதை நம்பலாம். 4 என்றோ 18 என்றோ காட்டினால், வடிநீரில் அது காட்டும் 0க்கும் மதிப்பில்லை.

நீர் சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள். சாதாரண உப்பு நீரில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு மின்கடத்தல் கூடும். மிகத் தூய நீரில் அது 5 விழுக்காட்டை நெருங்கும். வெப்பத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் மீட்டர்கள் உப்பு நீரின் கணக்கைத்தான் வைத்திருக்கும். வடிகலனிலிருந்து இறங்கிய நீரை மூடிவைத்து, ஆறிய பின் அளப்பதே சரி.

நேற்று 0.5 மைக்ரோசீமன்ஸ் காட்டிய நீர் இன்று 1 காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்திருக்கிறது. திறந்து வைத்த தூய நீர் ஏறத்தாழ 1 மைக்ரோசீமன்ஸ் வரை ஏறி அங்கேயே நிற்கும். நிற்காமல் 3, 5 என்று ஏறிக்கொண்டே போனால் கலனிலிருந்து ஏதோ கரைகிறது, அல்லது கலன் சரியாகக் கழுவப்படவில்லை.

கழுவுதலைப் பற்றிச் சிறு கணக்கு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள குடிநீரில் குவளையைக் கழுவிவிட்டு, சுவரில் ஒட்டிய 5 மில்லிலிட்டரை அப்படியே விட்டு, 250 மில்லிலிட்டர் வடிநீரை ஊற்றினால் 6 பிபிஎம் ஏறிவிடும். நீர் தயாரித்தவர்மேல் பழி போடும் முன் குவளையைப் பாருங்கள். நான் மூன்று முறை வடிநீரால் அலசிக் கவிழ்த்து வைக்கிறேன், துணியால் துடைப்பதில்லை, உள்பக்கம் விரல் படவிடுவதில்லை. வியர்வையில் இருப்பதும் குளோரைடுதான்.

மீட்டருக்குத் தெரியாத அசுத்தம் உண்டா?

உண்டு, நிறைய. மின்னேற்றம் இல்லாத எதுவும் அதற்குத் தெரியாது. நம்பிக்கை வராவிட்டால் வடிநீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்து மீட்டரை வையுங்கள். நீர் பாகுபோல் இனிக்கும். மீட்டர் அசையவே அசையாது, அல்லது ஓர் எண் இரண்டெண் ஏறும். எண்ணெய்ப் படலம், ஆல்கஹால், பாக்டீரியா, பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த கரிமப் பொருள் எல்லாம் இப்படியே அதன் கண்ணில் படாமல் போகும்.

வடித்தால் எல்லாம் போய்விடும் என்ற எண்ணமும் தவறு. நீருக்கு முன்பே ஆவியாகிறவை நீராவியோடு சேர்ந்தே வருகின்றன. அம்மோனியாவும், குளோரின் இட்ட நீரில் உருவாகும் குளோரோஃபார்மும் அப்படிப்பட்டவை. அதனால்தான் வடிக்கும்போது முதலில் இறங்கும் பகுதியைக் கொட்டிவிடுகிறோம். கொதி கடுமையாக இருந்தால், உப்பு நீரின் நுண்துளிகளே ஆவியோடு தூக்கிச் செல்லப்படும். அதை மட்டும் மீட்டர் காட்டிக்கொடுக்கும்.

கரிமப் பொருளுக்கு மருந்தியல் நூல்களில் ஒரு பழைய சோதனை உண்டு. அமிலமாக்கிய நீரில் மிகச் சிறிதளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை விட்டுக் கொதிக்கவைப்பார்கள். இளஞ்சிவப்பு முற்றிலும் மறைந்தால் நீரில் அதைத் தின்னும் பொருள் இருக்கிறது என்று பொருள். கந்தக அமிலம் வேண்டியிருப்பதால் இதை ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும்.

குளோரைடை மட்டும் தனியாகச் சோதிக்க முடியுமா?

முடியும். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரியவில்லை. நமக்கு எது இடைஞ்சலோ அதையே நேராகக் கேட்கிறது. சுத்தமான சோதனைக் குழாயில் 10 மில்லிலிட்டர் நீரை எடுத்து, நீர்த்த சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு துளி விடுங்கள். கறுப்புப் பின்னணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரைடு இருந்தாலே மெல்லிய பால் மங்கல் தெரியும். குடிநீரில் இன்னொரு குழாய் வைத்துப் பக்கத்தில் ஒப்பிட்டால் கண் பழகிவிடும்.

சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் சில மணி நேரத்தில் கறுப்புக் கறையாகும்; கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். சிறுவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

ஒன்றும் வாங்காமல் செய்யக்கூடிய சோதனை?

கண்ணாடித் தகட்டில் ஒரு பெரிய துளியை விட்டு, தூசி படாமல் மூடி, உலர விடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளையம் தெரிகிறதா? தெரிந்தால் அந்த நீர் வேண்டாம். தெரியாவிட்டால் தூயது என்று முடிவு கட்டவும் வேண்டாம். 10 பிபிஎம் நீரின் 100 மில்லிலிட்டரை வற்றச் செய்தாலும் மிஞ்சுவது 1 மில்லிகிராம்தான். வீட்டுத் தராசுக்கு அது எட்டாது.

லேசர் ஒளிக்கற்றையை விட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அது வேறொன்றைச் சொல்கிறது. கரைந்த உப்பு லேசருக்குத் தெரியாது. மிதக்கும் துகள்தான் தெரியும். இருட்டறையில் நல்ல வடிநீருக்குள் கற்றை கண்ணுக்குப் படாமலே போகும், அங்கங்கே தூசி ஒன்றிரண்டு மின்னும். கூழ்மம் உருவான பின் அதே நீரில் கற்றை ஒரு நூலாக முழு நீளமும் தெரியும். டின்டால் விளைவு என்பது இதுதான். தொடங்கும் முன் ஒருமுறை பார்த்து வையுங்கள். முன்பே நூல் தெரிந்தால், பின்னால் தெரிவது வெள்ளியா அழுக்கா என்று சொல்ல முடியாது. குவளையின் வளைந்த சுவரிலிருந்து கற்றை தெறிக்கும். முகத்தை அந்த உயரத்தில் வைக்காதீர்கள்.

பிஎச் தாளில் 6 காட்டுகிறது, 7 வரவேண்டாமா?

காற்றுப் பட்ட வடிநீர் 5.6 வரைகூட இறங்கும், அதே கார்பன் டைஆக்சைடுதான் காரணம். அயனிகளே இல்லாத நீரில் தாளும் மீட்டரும் தடுமாறும். தாளிலுள்ள சாயமே எண்ணை மாற்றிவிடும். பிஎச்சை வைத்து வடிநீரின் தூய்மையை முடிவு செய்யாதீர்கள்.

வெள்ளிக் கம்பிகளையே அளவுகோலாக்க முடியுமா?

முடியும். நான் கடைசியாகச் செய்யும் சோதனை இதுதான். கம்பிகளோடு தொடராக ஒரு மல்டிமீட்டரை இணைத்து, முதல் சில நொடிகளின் மின்னோட்டத்தைக் குறியுங்கள். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிகள், 4 சென்டிமீட்டர் இடைவெளி, 10 சென்டிமீட்டர் ஆழம், 27 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 1 மைக்ரோசீமன்ஸ் நீரில் கணக்குப்படி சுமார் 0.2 மில்லிஆம்பியர் ஓடும். 500 மைக்ரோசீமன்ஸ் குடிநீரில் 100 மில்லிஆம்பியரைத் தாண்டும். இடையில் 1, 2 மில்லிஆம்பியர் கண்டாலே நான் நீரைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குகிறேன். மின்னோட்டம் நேரம் போகப் போகக் கூடுவது இயல்பு, நீரில் அயனிகள் சேர்கின்றன. தொடக்க எண்தான் நீரைப் பற்றியது.

பேட்டரிக்கு ஊற்றும் நீர், ஆர்ஓ நீர், ஏசியிலிருந்து சொட்டும் நீர்?

பேட்டரி நீர் பல நேரங்களில் வடித்த நீரே அல்ல, பிசின் வழியே செலுத்தி அயனிகளை நீக்கிய நீர். மின்கடத்தலில் அது வடிநீரையும் வெல்லலாம். ஆனால் கரிமப் பொருளைப் பற்றி அந்தப் புட்டி எதுவும் உறுதி தருவதில்லை. அளந்து, குளோரைடு சோதனையும் செய்து, தேறினால் குவளைக்குப் பயன்படுத்தலாம். ஆர்ஓ கருவி உப்பில் பெரும்பகுதியைத்தான் நீக்கும். 300 பிபிஎம் நீரில் 90 விழுக்காட்டை நீக்கினாலும் 30 மிஞ்சும். ஏசி நீர் மீட்டரில் அழகாக இருக்கும்; உண்மையில் அது தூசியையும் பூஞ்சையையும் உலோகத் தகடுகளையும் கழுவி வந்த நீர். வேண்டாம்.

விரைவாக முடிய ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்கிறார்களே?

போட்டால் மின்னோட்டம் பாயும், நிமிடங்களில் நீர் கலங்கும். கலங்கியது வெள்ளிக் குளோரைடு. இவ்வளவு பாடுபட்டு நீக்கிய குளோரைடை நம் கையாலேயே திரும்பப் போடுவதா?

முடிந்ததும் மீட்டர் 8 காட்டுகிறது. அப்படியானால் 8 பிபிஎம் வெள்ளியா?

அப்படிக் கொள்ள முடியாது. உலோகத் துகளாக உள்ள வெள்ளி மீட்டருக்குத் தெரியாது. அயனியாக உள்ளதுதான் தெரியும். அதிலும் அயனிக்குத் துணை யார் என்பதைப் பொறுத்து எண் மாறும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வெள்ளி அயனிக்கு ஹைட்ராக்சைடு துணையாக இருந்தால் சுமார் 24 மைக்ரோசீமன்ஸ். காற்றிலிருந்து வந்த பைகார்பனேட் துணையாக இருந்தால் சுமார் 10. அதே வெள்ளி, இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

ஃபாரடேயின் விதியால் ஓர் உச்சக் கணக்கு போடலாம். 1 மில்லிஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 மில்லிகிராம் வெள்ளி கம்பியிலிருந்து இறங்கும். அதில் ஒரு பங்கு எதிர்முனையில் படிந்துவிடும், ஒரு பங்கு அடியில் கசடாகும். நீரில் மிஞ்சியதைத் திட்டமாக அறிய அணு உறிஞ்சல் நிறமாலைமானி உள்ள ஆய்வகம் வேண்டும்.

செய்து காட்டி முடித்த பின் அதை என்ன செய்வது?

கரைந்த வெள்ளி மீனுக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. குளத்திலோ தோட்டத்திலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் அதைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, 'வெள்ளிக் கூழ்மம், குடிக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி, தேதியிட்டு, பூட்டிய அலமாரியில் வைக்கிறோம். போதுமான அளவு சேர்ந்ததும் வெள்ளிக் கழிவு ஏற்கும் இடத்துக்கு அனுப்புகிறோம். குடிநீர்ப் புட்டியில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தெளிந்த கூழ்மம் பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும்.